எப்போதாவது வரும் பிழையை எப்போதும் வரவைப்பது எப்படி

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. அதன் இலை ஷெட்டில் ஓடும் எடைக்கணக்கு நிரல் என் பொறுப்பு. மதியத்துக்கு மேல் சிறு விவசாயிகளின் கொழுந்தை ஏற்றிக்கொண்டு வண்டிகள் வரத் தொடங்கும். சாக்கு தராசில் ஏறும். தராசு கேபிள் வழியாக எடையைச் சொல்லும். பைத்தான் நிரல் அதை அந்த வண்டியின் அந்த நடைக் கணக்கில் சேர்க்கும். முடிந்ததும் விவசாயி வாரியாக ரசீது அச்சாகும்.

போன ஐப்பசி மழையில் அந்த நிரலில் ஒரு பிழை தலைகாட்டியது. வாரத்துக்கு இரண்டு தடவை, சில வாரம் மூன்று. திரையில் சிவப்பாகக் 'கீ எரர்' என்று, அதாவது கேட்ட சாவிக்குரிய தகவல் இல்லை என்று, ஒரு வரி வரும். அடுத்த சாக்கு ஒழுங்காக ஏறிவிடும். வீட்டில் என் லேப்டாப்பில் அதே நிரலை மணிக்கணக்கில் ஓட்டினேன், ஒரு தடவைகூட வரவில்லை.

ஒரு சாயங்காலம் ஒரு அக்கா ரசீதோடு ஷெட்டுக்கு வந்தார். அவர் அனுப்பியது நான்கு சாக்கு. ரசீதில் மூன்று வரி: 41.5, 36, 39.5. நான்காவது சாக்கு, 38.5 கிலோ, இல்லை. எடை பார்க்கும் அண்ணன் தன் நோட்டில் நான்கையும் பென்சிலால் குறித்து வைத்திருந்ததால் அன்றே கணக்கு சரியானது. அந்த நோட்டு இல்லாவிட்டால், மழையில் நனைந்து பறித்த 38.5 கிலோ கொழுந்துக்கு என் நிரல் சாட்சி சொல்லியிருக்காது. அன்று ராத்திரி உட்கார்ந்தவன், வேண்டாதவற்றை மெமரியிலிருந்து நீக்கும் கார்பேஜ் கலெக்டரும், தாங்காமல் சுட்டிக்காட்ட மட்டும் செய்யும் வீக் ரெஃபரன்ஸும் சேர்ந்து செய்யும் இந்த வகைப் பிழையை எப்படிப் பிடிப்பது என்று முறையாகக் கற்றுக்கொண்டுதான் எழுந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணம் பைத்தானில் இருந்தாலும், வீக் ரெஃபரன்ஸ் உள்ள எந்த மொழிக்கும் அணுகுமுறை பொருந்தும்.

முதலில், கயிறும் சாக்பீஸும்

உத்தரத்தில் ஒரு சாக்கைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். பக்கத்துச் சுவரில் 'இங்கே ஒரு சாக்கு இருக்கிறது' என்று சாக்பீஸால் எழுதியிருக்கிறோம். சாக்கைத் தாங்குவது கயிறுதான், எழுத்து அல்ல. கடைசிக் கயிறும் அவிழ்ந்தால் சாக்கு போய்விடும், எழுத்தும் அழிக்கப்படும். சாக்கு என்பது ஆப்ஜெக்ட், மெமரியில் நிரல் வைத்திருக்கும் ஒரு தகவல் பொதி. சாதாரண ரெஃபரன்ஸ் கயிறு. வீக் ரெஃபரன்ஸ் சாக்பீஸ் எழுத்து. 'வீக் வேல்யூ டிக்‌ஷனரி', 'வீக் செட்' எல்லாம் அப்படிப்பட்ட எழுத்துகள் நிறைந்த சுவர்கள்.

நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பைத்தான் வடிவமான சிபைத்தானில் ஒரு ஆப்ஜெக்ட் இரண்டு வழியில் போகலாம். ஒன்று, அதைப் பிடித்திருக்கும் கயிறுகளின் எண்ணிக்கை பூஜ்யமாகும் அந்த நொடியே. இதில் மர்மம் ஒன்றுமில்லை. மற்றொன்று, இரண்டு சாக்குகள் ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு, உத்தரத்தோடு மட்டும் தொடர்பறுந்து கிடக்கும் நிலை. எண்ணிக்கை பூஜ்யமாகாது, ஆனால் யாருக்கும் அவை வேண்டாம். இந்தச் சுழலைக் கண்டுபிடித்து அப்புறப்படுத்தத்தான் கார்பேஜ் கலெக்டர் அவ்வப்போது வருகிறது.

'அவ்வப்போது' என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பைத்தான் 3.11 வரையிலான பதிப்புகளில் கலெக்டரை வரவைக்கும் வரம்புகளின் (த்ரெஷோல்ட்) இயல்பான அளவு 700, 10, 10. புதிதாகப் பிறந்த கன்டெய்னர் வகை (மற்றவற்றைப் பிடித்திருக்கக்கூடிய) ஆப்ஜெக்டுகள், அழிந்தவற்றைவிட 700க்கு மேல் கூடினால் இளைய தலைமுறையை, அதாவது அண்மையில் பிறந்தவற்றை, அலசும். அப்படிப் பத்துத் தடவைக்கு மேல் ஆனால் நடுத்தலைமுறை. அதுவும் பத்தைத் தாண்டினால் மூத்த தலைமுறை. அதற்கும் ஒரு கூடுதல் நிபந்தனை, போன முழு அலசலுக்குப் பிறகு சேர்ந்தவை ஏற்கெனவே இருப்பவற்றில் கால் பங்கைத் தாண்ட வேண்டும். ஆக, கலெக்டர் கடிகாரம் பார்த்து வருவதில்லை. எத்தனை ஆப்ஜெக்ட் பிறந்தது என்பதைப் பார்த்து வருகிறது. லேப்டாப்பில் வராத பிழை ஷெட்டில் வந்ததற்குப் பாதிக் காரணம் இதுவே: ஷெட்டில் பிறப்புகள் அதிகம்.

பிழைச் செய்தியை எழுத்தாகச் சேமியுங்கள்

பிழை வந்தால் நேரம், பைத்தான் பதிப்பு, எந்த த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகளில் ஒன்று), முழு ட்ரேஸ்பேக் (பிழை எந்த வரிகள் வழியாக வந்தது என்ற பட்டியல்) ஆகியவற்றைக் கோப்பில் எழுதுங்கள். எழுத்தாக மட்டும். எக்ஸெப்ஷன் ஆப்ஜெக்டையே ஒரு லிஸ்டில் போட்டு வைக்காதீர்கள். அது ட்ரேஸ்பேக்கைப் பிடித்திருக்கும், ட்ரேஸ்பேக் ஃபிரேமை, அதாவது ஓடிக்கொண்டிருந்த ஃபங்ஷனின் நிலையை, பிடித்திருக்கும், ஃபிரேம் அந்த நேரத்து லோக்கல் மாறிகள் எல்லாவற்றையும் பிடித்திருக்கும். போக வேண்டிய ஆப்ஜெக்டை நீங்களே கயிறு கட்டித் தொங்கவிட்டதாக ஆகிவிடும். பிழை ஓடி ஒளியும்.

செய்தியை வைத்தே பிழை எந்த ஜாதி என்று பெரும்பாலும் பிரித்துவிடலாம். 'செட் சேஞ்ச்டு சைஸ் டூரிங் இட்டரேஷன்', அல்லது செட் இருக்கும் இடத்தில் டிக்‌ஷனரி என்று வந்தால், லூப் ஓடிக்கொண்டிருக்கும்போது சுவர் மாறிவிட்டது. 'இருக்கிறதா' என்று கேட்டு, 'இருக்கிறது' என்ற பதிலும் வாங்கி, அடுத்த வரியில் எடுக்கப் போனால் கீ எரர் வருகிறது என்றால், இரண்டு வரிக்கும் நடுவில் ஆப்ஜெக்ட் போய்விட்டது. 'நன் டைப்' மேல் அட்ரிபியூட் இல்லை என்று வந்தால், செத்த வீக் ரெஃபரன்ஸைக் கூப்பிட்டு 'நன்' (எதுவும் இல்லை என்ற மதிப்பு) வாங்கி, அதைப் பார்க்காமலே பயன்படுத்தியிருக்கிறீர்கள். வீக் ப்ராக்ஸி (ஆப்ஜெக்டைப் போலவே பயன்படுத்தக்கூடிய வீக் ரெஃபரன்ஸ்) என்றால் நேரடியாக 'ரெஃபரன்ஸ் எரர்' வரும்.

முதல் ஜாதியைப் பற்றி ஒரு விஷயம். பலர் இதற்கு உடனே கலெக்டர்மேல் பழி போடுவார்கள். பைத்தான் 3இன் பெரும்பாலான பதிப்புகளில் 'வீக் செட்'டும் 'வீக் வேல்யூ டிக்‌ஷனரி'யும் தங்களைக் காத்துக்கொள்கின்றன: லூப் ஓடும்போது ஒரு ஆப்ஜெக்ட் செத்தால் அந்த நீக்கத்தைத் தள்ளிவைக்கின்றன. ஆனால் இன்னொரு த்ரெட் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் அதைத் தடுக்க அவற்றால் முடியாது. ஆகவே அந்த வகைகளில் இந்தச் செய்தி வந்தால் முதலில் த்ரெட்டைச் சந்தேகியுங்கள். பல வேலைகளை (டாஸ்க்) மாற்றி மாற்றி ஓட்டும் பைத்தானின் அசிங்க்ஐஓ நூலகமே இந்தச் சிக்கலைச் சந்தித்திருக்கிறது. டாஸ்குகளின் வீக் செட்டை லிஸ்டாக மாற்றும்போது இதே பிழை வந்தால் மறுபடி முயல வேண்டும், 1000 தடவை வரை, என்று பல பதிப்புகளில் அதன் நிரலிலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

மாறாக, சாதாரண டிக்‌ஷனரியில் வீக் ரெஃபரன்ஸ்களைப் போட்டு, செத்தால் நீக்கு என்று தானாகக் கூப்பிடப்படும் ஃபங்ஷனை (கால்பேக்) நீங்களே எழுதியிருந்தால், அங்கே காப்பு எதுவும் இல்லை. லூப் நடுவில் கலெக்டர் வந்தால் கால்பேக் ஓடும், டிக்‌ஷனரி சுருங்கும், பிழை வெடிக்கும். கையால் எழுதிய சுவரைக் கண்டால் அதை நூலகத்தின் வகைக்கு மாற்றிவிட்டு மேலே போங்கள்.

என்னுடையது இரண்டாம் ஜாதி.

கணினியை விட்டு எழுந்து கேளுங்கள்

எடை பார்க்கும் அண்ணனிடம் கேட்டேன், "இது எப்ப வருதுண்ணா? ஏதாவது கவனிச்சீங்களா?"

"வண்டி நெருக்கியடிச்சு நிக்கும்போதுதான் தம்பி. ஒத்த வண்டி நிக்கிறப்ப வந்ததே இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னொண்ணு. மறந்துபோன சாக்கு வந்தாதான் வருது" என்றார்.

மறந்துபோன சாக்கு என்றால் இதுதான். வண்டி முழுக்க இறக்கியாகிவிட்டது என்று நினைத்து, திரையில் 'அடுத்த வண்டி' பொத்தானை அழுத்திவிடுவார்கள். அப்புறம் டிரைவர் தார்ப்பாயைச் சுருட்டும்போது அடியில் ஒரு சாக்கு கிடக்கும். அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். அந்த அக்காவின் நான்காவது சாக்கும் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததுதான். நோட்டில் அதற்கு நேராக 'லேட்' என்று எழுதியிருந்தது. பின்னால் புரட்டிப் பார்த்தோம். சிவப்பு எழுத்து வந்ததாக அவர் குறித்திருந்த ஏழு இடங்களிலும் அதே வார்த்தை.

எந்த லாக் கோப்பும் எனக்கு இதைச் சொல்லவில்லை. எப்போதாவது வரும் பிழை என்றால், அதை நேரில் பார்ப்பவர் யார் என்று தேடுங்கள். அவர் சொல்லும் இரண்டு வாக்கியம் இரண்டு வார உழைப்பை மிச்சப்படுத்தும்.

இப்போது நிரலைப் பார்த்தேன். நடை ஆப்ஜெக்டுகளை எண் வாரியாக ஒரு 'வீக் வேல்யூ டிக்‌ஷனரி'யில் வைத்திருந்தேன். மெமரி நிறைந்துவிடக் கூடாது, முடிந்த நடைகள் தானாகப் போகட்டும் என்ற எண்ணம். நடையை உண்மையில் தாங்கிய ஒரே கயிறு, திரையில் 'தற்போதைய நடை' என்ற மாறி. 'அடுத்த வண்டி' அழுத்தியதும் அந்தக் கயிறு அவிழ்ந்துவிடும். ஆனால் நடைக்குள் ரசீது, ரசீதுக்குள் நடை என்று ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டிருந்ததால் அது உடனே சாகாமல் கலெக்டர் வரும்வரை கிடக்கும். அந்த இடைவெளியில் மறந்த சாக்கு வந்தால் சுவரில் எழுத்து இருக்கும், எடை சேர்ந்துவிடும். கூட்டமான நாளில் அதற்குள் கலெக்டர் வந்துபோயிருந்தால் கீ எரர்.

இதை நன்றாகக் கவனியுங்கள். வாரத்தில் இரண்டு நாள் பிழை வந்தது பிழை என்று நினைத்திருந்தேன். மற்ற நாட்களில் அது வேலை செய்ததும் பிழைதான். செத்த நடையின் உடம்பு இன்னும் ஆறாமல் இருந்ததால் எடை சேர்ந்துகொண்டிருந்தது. எப்போதாவது வரும் பிழையைத் தேடும்போது 'ஏன் உடைகிறது' என்று கேட்பதோடு, 'உடையாத நாளில் எது தாங்குகிறது' என்றும் கேளுங்கள். எனக்கு விடை இரண்டாவது கேள்வியில்தான் கிடைத்தது.

கலெக்டரை நீங்களே கூப்பிடுங்கள்

சந்தேகம் நிரூபணமாக வேண்டும். வழி எளிது: சந்தேகப்படும் இரண்டு வரிகளுக்கு நடுவே 'ஜிசி' மாட்யூலின் 'கலெக்ட்' ஃபங்ஷனை நட்டு வையுங்கள். எண் எதுவும் கொடுக்காமல் கூப்பிட்டால் எல்லாத் தலைமுறைகளையும் அலசிவிடும். 'அடுத்த வண்டி' ஓடிய உடனே ஒரு கலெக்ட், பிறகு பழைய நடை எண்ணோடு ஒரு சாக்கு என்று ஆறு வரியில் ஒரு டெஸ்ட் எழுதினேன். லேப்டாப்பில், முதல் ஓட்டத்திலேயே, அதே கீ எரர். பத்துத் தடவை ஓட்டினேன், பத்துத் தடவையும் வந்தது. பிழை எப்போதும் வருகிறது என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எங்கே நடுவது என்று தெரியாவிட்டால் 'செட் த்ரெஷோல்ட்' ஃபங்ஷனுக்கு 1, 1, 1 கொடுத்துப் பாருங்கள். நிரல் ஊர்ந்து போகும். கலெக்டர் கிட்டத்தட்ட எப்போதும் வந்துகொண்டிருக்கும். ஆனால் முன்பு சொன்ன கால் பங்கு நிபந்தனையால் மூத்த தலைமுறைக்குப் போய்விட்ட ஆப்ஜெக்ட் தப்பிக்கலாம். அதனால் நட்டு வைத்த கலெக்ட்டைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். த்ரெட் சம்பந்தப்பட்ட சந்தேகம் என்றால் 'சிஸ்' மாட்யூலில் 'செட் ஸ்விட்ச் இன்டர்வல்' இருக்கிறது. இயல்பாக 5 மில்லிசெகண்ட். அதை மைக்ரோசெகண்ட் அளவுக்குக் குறைத்தால் த்ரெட்டுகள் அடிக்கடி மாறும், மோதல் சீக்கிரம் வெளியே வரும்.

ஷெட்டில் ஓடும் நிரலில் இதையெல்லாம் செய்ய முடியாது. அங்கே 'ஜிசி' மாட்யூலின் 'கால்பேக்ஸ்' லிஸ்டில் ஒரு சின்ன ஃபங்ஷனைச் சேர்த்தால் போதும். ஒவ்வொரு அலசலின் தொடக்கத்திலும் முடிவிலும் அது கூப்பிடப்படும்; எந்தத் தலைமுறை, எத்தனை போயிற்று என்ற விவரமும் வரும். அதை நேரத்தோடு எழுதி, பிழை வந்த நேரத்தோடு ஒப்பிடுங்கள். அடுத்து வந்த பிழையில் அப்படிப் பார்த்தேன்: 'அடுத்த வண்டி'க்கும் கீ எரருக்கும் நடுவில் மூத்த தலைமுறை அலசல் ஒன்று நடந்திருந்தது.

ஒரு குறிப்பிட்ட ஆப்ஜெக்ட் எப்போது சாகிறது என்று மட்டும் தெரிய வேண்டுமானால் 'வீக்ரெஃப்' மாட்யூலில் உள்ள 'ஃபைனலைஸ்' நல்லது. அதற்குக் கொடுக்கும் ஃபங்ஷனிலோ விவரங்களிலோ அந்த ஆப்ஜெக்டையே கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் அது சாகவே சாகாது. நடை எண்ணை மட்டும் கொடுங்கள்.

எட்டிப் பார்த்தாலே மறையும் பிழை

பிழையைப் பார்க்கலாம் என்று நிரலை நடுவில் நிறுத்திக் காட்டும் டீபக்கரில் நிறுத்தினால், டீபக்கர் அந்த ஃபிரேமைப் பிடித்துக்கொண்டிருக்கும், ஆப்ஜெக்ட் சாகாது. பைத்தான் ஷெல்லில் ஒரு ஆப்ஜெக்டை அடித்துப் பார்த்தால், கடைசி விடையை அடிக்கோடு என்ற மாறி வைத்திருக்கும், அதுவும் கயிறு. சோதனைக்காக ஆப்ஜெக்டுகளை ஒரு லிஸ்டில் சேர்த்தால் அதுவும். லாகில் ஆப்ஜெக்டைக் கொடுக்காமல் அதன் எண்ணையும் வகைப் பெயரையும் எழுத்தாகக் கொடுங்கள்.

'ஐடி' எண்ணை மட்டும் நம்பி அடையாளம் காணாதீர்கள். சிபைத்தானில் அது மெமரி முகவரி. ஒன்று செத்ததும் அதே இடத்தில் இன்னொன்று பிறக்கலாம், அதே எண்ணோடு. 'ஐடி'யைச் சாவியாக வைத்துக் கேஷ் எழுதியவர்களுக்குப் பிழையே வராது. இன்னொருவரின் விவரம் வரும். எடைக்கணக்கில் அது இன்னும் மோசம்.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க 'கெட் ரெஃபரர்ஸ்' இருக்கிறது. ஃபிரேம், மாட்யூல் என்று நிறையக் கொட்டும். உங்கள் நிரலின் வகைகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். எனக்கு 'நடை'யைப் பிடித்திருந்தது 'ரசீது' மட்டும் என்று இரண்டு நிமிடத்தில் காட்டிக்கொடுத்தது அதுதான்.

திருத்துவது

கலெக்டரை நிறுத்திவைப்பது திருத்தம் அல்ல. நிறுத்தினால் என் பிழை மறைந்திருக்கும், சுழல்கள் மட்டும் மெமரியில் மலையாகக் குவிந்திருக்கும். ஷெட்டில் இருப்பது ராஸ்பெரி பை என்ற ஒரு சின்னக் கணினி. 'ட்ரை' போட்டு எக்ஸெப்ஷனை விழுங்குவதும் திருத்தம் அல்ல. என் நிரல் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருந்தது: சிவப்பு வரி ஒன்றைக் காட்டிவிட்டு அடுத்த சாக்குக்குப் போய்விட்டது. 38.5 கிலோ தொலைந்தது அந்த இடத்தில்தான்.

ரசீதையும் நடையையும் பிணைத்த சுழலை மட்டும் அவிழ்த்திருந்தாலும் பயனில்லை. பிழை எப்போதாவது என்பது போய், மறந்த சாக்கு வரும் ஒவ்வொரு தடவையும் என்றாகியிருக்கும். நேர்மையான நிலைதான், ஆனால் கணக்கு சரியாகாது.

கேட்க வேண்டிய கேள்வி, இந்த ஆப்ஜெக்டுக்குச் சொந்தக்காரர் யார், அது எப்போது முடிகிறது? இதற்கு நிரலில் விடை இல்லை. மறுபடி அண்ணனிடம் போனேன்.

"நடை எப்பண்ணா முடியுது? 'அடுத்த வண்டி' அமுக்கினா முடிஞ்சிருச்சா?"

"அதெப்படி? வண்டி கேட்டைத் தாண்டினாத்தான் முடிஞ்சது. அதுவரைக்கும் சாக்கு எங்க இருந்து வேணாலும் வரும்."

அப்படியே எழுதினேன். திறந்திருக்கும் நடைகள் இப்போது சாதாரண டிக்‌ஷனரியில் இருக்கின்றன, நல்ல கயிற்றில். வாசலில் வண்டி வெளியேறியது பதிவாகும்போதுதான் நடை அதிலிருந்து நீங்கும். ரசீதும் அப்போதுதான் அச்சாகும். வீக் ரெஃபரன்ஸ் திரை ஜன்னல்களுக்கு மட்டும் மிஞ்சியது. ஜன்னல் போனால் போகட்டும், கணக்கு அதை நம்பியில்லை. எது தொலைந்தால் திரும்ப உருவாக்கிக்கொள்ள முடியுமோ அதை மட்டும் வீக் ரெஃபரன்ஸில் வையுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

வீக் டிக்‌ஷனரி தேவைப்படும் இடங்களில் 'இருக்கிறதா' என்று கேட்டுவிட்டு எடுக்காதீர்கள். 'கெட்' போட்டு ஒரே தடவையில் எடுத்து ஒரு மாறியில் வையுங்கள். அந்த மாறியே கயிறு. பிறகு அது 'நன்'னா என்று பாருங்கள். லூப் போட வேண்டுமானால் பூட்டு (லாக், ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடுவது) பிடித்து லிஸ்டாக நகலெடுத்து, பூட்டை விட்டு, நகலின்மேல் ஓடுங்கள். சேர்க்கும் இடத்திலும் அதே பூட்டு வேண்டும்.

இதே வேரில் முளைக்கும் இன்னும் இரண்டு. ஒரு ஆப்ஜெக்டின் மெத்தடுக்கு நேரடியாக வீக் ரெஃபரன்ஸ் எடுத்தால் அது பிறந்த உடனே செத்துவிடும், ஏனென்றால் மெத்தடை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு பவுண்ட் மெத்தட் உருவாகிறது. அதற்காகவே 3.4 முதல் 'வீக் மெத்தட்' இருக்கிறது. அசிங்க்ஐஓவில் 'கிரியேட் டாஸ்க்' கொடுத்த டாஸ்கை எங்கும் பிடித்து வைக்காமல் விட்டால், ஈவென்ட் லூப் அதை வீக் ரெஃபரன்ஸால் மட்டும் நினைவில் வைத்திருப்பதால், முடியும் முன்பே அது காணாமல் போகலாம். டாஸ்கை ஒரு செட்டில் போட்டு, முடிந்ததும் நீக்குங்கள்.

திருத்திய பிறகு பழைய டெஸ்டை அழிக்காதீர்கள். கலெக்ட் நட்டு வைத்த அந்த ஆறு வரி இன்றும் என் டெஸ்ட் கோப்பில் முதலில் இருக்கிறது. ஷெட்டுக்குப் புதுப் பதிப்பு கொண்டுபோகும்போதெல்லாம் அந்த ராஸ்பெரி பையிலேயே அதை ஓட்டிவிட்டுத்தான் நிரலைத் தொடங்குகிறேன். டெஸ்டில் கடைசியாக வரும் சாக்கின் எடை 38.5.